பூக்கட்டிப் பார்த்த பரிசோதனை

எழுபதுகளின் நடுவில் பொன்னேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் மெட்ராஸ் டாக்டர்கள் முகாம் போட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பாதிப் பெண்கள் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள். நான் நான்கு பெற்றவள். பிடித்தால் பிடிக்கட்டும் என்று நின்றுவிட்டேன்.

அவர்கள் பார்த்தது கர்ப்பப்பை வாயை. ஒரு குச்சியால் வழித்துக் கண்ணாடியில் தடவிக்கொண்டார்கள். பைக்கு வாய் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருக்கிற ஒரு வாய்க்கே மாமியாரிடம் தினம் திட்டு.

ஒரு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. தபால்காரர் படித்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தார். போனேன். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது.

"கேன்சர் இல்லம்மா. கொஞ்சம் மாத்தம் தெரியுது, லேசாத்தான். ஆறு மாசம் பொறுத்து இதே மாதிரி மறுபடி வழிச்சுப் பாக்கலாம். பல பேருக்குத் தானாவே சரியாயிடும். இல்லன்னா இப்பவே மெட்ராஸ் வா, துளி சதை எடுத்துப் பாத்துடலாம். உனக்கு எது வேணும்?"

"எது நல்லதும்மா?"

"ரெண்டுமே நல்லதுதான்."

அதுவரை எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையையே என்னைக் கேட்காமல்தான் கட்டிவைத்தார்கள். முதன்முதலாகக் கேட்கிறார்கள், அதுவும் இதைப் போய்க் கேட்கிறார்கள். லேசு என்றால் சதை எதற்கு? சதை எடுக்கணும் என்றால் அது எப்படி லேசு? நெல் அவித்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாலும் இதே யோசனை. நான் செத்துப்போனால் கடைசிப் பிள்ளைக்கு யார் தலை வாருவார்கள் என்றுகூட யோசனை போய்விட்டது.

மாமியாருக்குக் குழப்பமே இல்லை. "சும்மா கெடக்கறத கிள்ளினா புண்ணாவாதா? நடவு நேரத்துல நீ மெட்ராஸுக்கு போய்க்கினு இருந்தா நாத்து யாரு நடறது? ஆறு மாசம் கம்முனு இரு."

வீட்டுக்காரரைக் கேட்டேன். "நீ இன்னா சொல்றியோ அதான்மே" என்றார். என் பேச்சை ஒருநாளும் கேட்காத மனுஷன், அன்றைக்குப் பார்த்து நல்லவராகிவிட்டார்.

கடைசியில் மாமியாரே வழி சொன்னாள். அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வீட்டில் இருப்பது, சிவப்பு வந்தால் மெட்ராஸ். கட்டுகிற வேலை எனக்கு.

இரண்டிலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன். ஆறு மாதம் இந்த நினைப்போடு என்னால் அடுப்பு ஊத முடியாது. அதை வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

மாமியார் எடுத்தாள், பிரித்தாள். "செவப்பு. ஆத்தாளே சொல்லிட்டா, கெளம்பு" என்று சொல்லிவிட்டாள்.

நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் விழுந்து கும்பிடும்போதுதான் தோன்றியது. அம்மன் மனசில் வெள்ளை இருந்திருந்தால்? அவளைப் பேசவே விடாமல் செய்துவிட்டேனே.

மெட்ராஸுக்கு ரயிலில் போகும்போது வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இன்னொரு பொட்டலத்த நா பிரிச்சிப் பாத்தேன்மே."

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினேன்.

"அதுலயும் செவப்பு."

"அம்மனுக்கு அவ்ளோ உறுதி போலகீது."

"உறுதி அம்மனுக்கா, உனக்கா?"

"எனக்கு ஒண்ணுமே புரியலங்க. எறங்கி ஊட்டுக்குப் போயிடலாமான்னு கீது."

"பேஜாரா கீதே உன்னோட. சரி, மீஞ்சூர் வருது, எறங்கிக்கலாம்."

மீஞ்சூரில் வண்டி நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே முருங்கைக்காய் விற்றவளைப் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

சதை எடுத்தார்கள். எறும்பு கடித்த மாதிரி என்று நர்ஸம்மா சொன்னாள். அது எந்த ஊர் எறும்போ. இரண்டு வாரம் கழித்துப் போனால், கெட்டது ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி வழித்துப் பார்த்துக்கொள் என்றார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இதத்தானமே நா மொதல்லயே சொன்னேன்?"

அவள் சொன்னதும் ஆறு மாதம், மெட்ராஸில் சொன்னதும் ஆறு மாதம். இரண்டும் ஒன்றுதானா, வேறு வேறா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இன்றுவரை பிடிபடவில்லை. அன்றைக்கு மட்டும் மூன்று தட்டு சோறு தின்றேன். மாமியார் முறைத்தாள், கேட்காமலே குழம்பையும் ஊற்றினாள்.