சுவாமியார் போர்வையில் விழுந்த வெட்டு

எங்கள் ஊரில் போர்வை தைக்கும் பழக்கம் ஒருவருக்கும் இருக்கவில்லை. எங்கள் ஊரான அரிப்பின் கடற்கரையில் போர்த்திப் படுக்கிற அளவுக்குக் குளிர் வருவதே வாடைக்காற்றுக் காலத்தில் சில கிழமைகளுக்குத்தான். அதற்கு அம்மாவின் பழைய சேலை ஒன்று போதும். போர்வை தைக்கிற எண்ணத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார், அதுவும் தனக்கே தெரியாமல்.

அவர் பிரெஞ்சுக்காரர். எங்கள் கரையிலேயே இருந்து தாடி நரைத்தவர். அந்த வருஷம் அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தியது. குளிக்க வந்த ஒருவன் கொட்டிலில் காய்ச்சலோடு நடுங்கிக் கிடந்தபோது சுவாமியார் தன்னிடமிருந்த ஒரே கம்பளியை அவனுக்குப் போர்த்திவிட்டு வந்தார். அவன் சுகமாகிக் கம்பளியோடு தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். காய்ச்சல் மட்டும் சுவாமியாரிடம் தங்கிவிட்டது. நடுக்கம் தொடங்கினால் இரண்டு சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு கிடப்பார். பார்க்கப் போன பெண்களிடம், தான் சிறுவனாக இருந்தபோது தன் தாயார் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்துத் தந்ததை ஒருநாள் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு வந்த அம்மா அன்றைக்கே கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார்.

ஊரில் எந்தப் பிள்ளையும் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போடுகிற உடுப்பும் அம்மாவின் கையால் தைத்ததாகத்தான் இருக்கும். அந்தப் பெயர் அவருக்குப் பெரிது. வீட்டுக்கு ஒரு துண்டு என்று துணி சேர்த்தார். சாரத் துண்டு, சட்டைத் துண்டு, யாரோ ஒருவரின் யன்னல் சீலை என்று எல்லாம் வந்தன. நடுவில் வைப்பதற்கு மட்டும் தன் கலியாணச் சேலையில் கரையான் அரித்தது போக மிஞ்சியிருந்த ஒரே துண்டை எடுத்தார். நல்ல கருஞ்சிவப்பு. உள்ளே பழஞ்சேலைகளை மடித்து வைத்து, அடியில் ஒரு முழுத்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டி முடிக்க இரண்டு மாதம் போயிற்று.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் புதிதாக ஒருவர் இருந்தார். என் மாமி. அம்மாவின் தம்பியான மாமா, கருவாடு விற்கப் பாப்பாமோட்டைக்குப் போன இடத்தில் தானே பேசி முடித்துக்கொண்டு வந்த பெண். தாயில்லாத தம்பியை வளர்த்த அம்மாவுக்கு, தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற மனத்தாங்கல். தம்பியைக் கோபிக்க மனம் வராததால் அது முழுவதும் மாமியின் பக்கம் திரும்பியது. அம்மா மாமியோடு நேரே பேசமாட்டார். இருவரும் ஒரே குசினிக்குள் அடுப்படியில் நிற்பார்கள். "தண்ணி அள்ளியாச்சோ எண்டு மாமியைக் கேள்" என்று அம்மா எனக்குச் சொல்வார். நான் மாமியைப் பார்ப்பேன். "அள்ளியிட்டன் எண்டு சொல்லு" என்பார் மாமி. எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமி வயற்காட்டுப் பெண். மீன் வெட்டத் தெரியாது. அதுதான் அம்மாவுக்குக் கிடைத்த பெரிய குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போர்வையைச் சுவாமியாரிடம் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை அம்மா முற்றத்துப் பூவரசின் கீழ்ப் பாயை விரித்து, போர்வையின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அடித்துணியை வெட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து மாமி கிணற்றடியில் பாரை மீன் ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தார்.

"செதிலை வாலிலயிருந்து எடுக்கச் சொல்லு உன்ர மாமியை. தலையிலயிருந்து உரிக்கிறதுக்கு அது என்ன வாழைப்பழமே?" என்று அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். கத்தரிக்கோல் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அடியில் போர்வை மடிந்து கிடந்திருக்கிறது. ஓரத்துணியோடு சேர்த்து நடுத்துண்டையும் வெட்டியிருந்தார். கருஞ்சிவப்பில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வாய் திறந்து, உள்ளேயிருந்த வெள்ளைச் சேலை தெரிந்தது.

அம்மா அழவில்லை. கத்தரிக்கோலைப் பாயில் வைத்துவிட்டு அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியில் ஒரு நறுக்குக்கூட மிச்சமில்லை. வேறு துணியை மேலே வைத்துத் தைத்தால், இது என்ன என்று முதலில் கேட்கப் போவது ஊர்ப் பெண்கள். "சுவாமியாருக்குக் குடுக்கிற சாமான், நான் பொத்தலாக்கிப்போட்டன்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் யாரிடமும் போய்ச் சொல்லவேண்டிய செய்தியாகவும் அது இருக்கவில்லை.

மாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து குந்தினார். வெட்டை விரலால் தடவினார். பிறகு நடுத்துண்டின் விளிம்புத் தையலைக் கிள்ளிப் பார்த்தார்.

"மச்சாள், உள்ளுக்கு மடிச்ச துணி எவ்வளவு விட்டனீங்கள்?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா நிமிர்ந்தார். "அரை விரல் இருக்கும்" என்றார், என்னைப் பார்த்து.

"அது போதும். அதில இழை உருவலாம்."

"ஏலுமோ உனக்கு?" என்று கேட்டார் அம்மா. அவர் மாமியிடம் நேரே பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"எங்கட ஐயா கோயிலுக்குப் போடுற சால்வையை வருஷா வருஷம் எலி கடிக்கும். நெல்லுக் கிடக்கிற வீடுதானே. நான்தான் இழை கோத்து எடுத்துக் குடுக்கிறனான்."

அன்றைக்கு மீனை அம்மா வெட்டினார்.

மாமி நடுத்துண்டின் மேல் ஓடிய தையல்களைப் பிரித்தார். அடுத்தடுத்த இரண்டு பக்க விளிம்புகளையும் திறந்து, வழவழப்பாகத் தேய்த்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை அடியில் செருகினார். உள்மடிப்பிலிருந்து ஊசி முனையால் இழைகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒரு பக்கத்து மடிப்பு நெடுக்கு இழை தந்தது. மற்றப் பக்கம் குறுக்கு இழை. பழைய துணி. முதல் நாலைந்தும் கையோடு அறுந்தன. தண்ணீர் தொட்ட விரலால் விளிம்பை நனைத்து மறுபடி உருவினார். பிறகு வெட்டின் இரு கரைக்கும் நெடுக்கு இழைகளை ஓட்டி, குறுக்கு இழையை ஒன்றுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழுமாக நுழைத்தார். ஒரு வரி முடிய ஊசியால் அதைத் தட்டி நெருக்குவார். வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்தார்; பொழுது சாய்ந்தால் ஊசியைக் குத்தி வைத்துவிடுவார். பக்கத்திலிருந்து பார்த்த எனக்குக் கண் வலித்தது. மாமியின் முதுகு மூன்று நாளும் வளைந்தே இருந்தது. அம்மா தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்ப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் சிரட்டையை உருவி, தையல்களை மூடி, ஓரத்தையும் அம்மாவும் மாமியும் ஆளுக்கொரு பக்கமிருந்து தைத்து முடித்தார்கள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு சுவாமியார் தங்கியிருந்த அறைவீட்டில் போர்வையை அவர் உட்காரும் கதிரையின் மேல் விரித்தார்கள். சுவாமியார் நெடுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். "இப்பிடித் தைக்க இந்தக் கரையில வேற ஆர் இருக்கினம்?" என்றார் அம்மாவின் சிநேகிதி ஒருவர். அம்மாவின் முகத்தில், தன் தையலைப் புகழ்ந்தால் வரும் அந்தப் பழைய சிரிப்பு வரத் தொடங்கியது. எனக்கும் பெருமையாக இருந்தது.

"நடுத்துண்டை நான் வெட்டிப்போட்டன்" என்றார் அம்மா. "என்ர மச்சாள்தான் இழை இழையாக் கோத்து எடுத்தவ. இல்லாட்டி இது இண்டைக்கு இஞ்ச வந்திராது."

எல்லோரும் குனிந்தார்கள். "எங்க?" என்றார்கள். அம்மா ஓரிடத்தைத் தொட்டார். "இதில." பிறகு, "இல்லை, இதில." பிறகு துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பின்வரிசையில் நின்ற மாமியைக் கையைப் பிடித்து இழுத்து, "நீ காட்டு" என்றார்.

மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் மறந்துபோச்சு மச்சாள்" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். தம்பி பெண்சாதிக்கு நல்ல பெயர் எடுத்துக் கொடுக்க அம்மா கதை கட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "சத்தியமாச் சொல்லுறன்!" என்றார், சுவாமியார் முன்னிலையிலேயே. சுவாமியார் கையை உயர்த்தி, "நான் நம்புறன் மகள்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மாவும் மாமியும் முன்னால் நடந்தார்கள். எனக்கு அம்மாமேல் கடும் கோபம். ஊர் முழுவதும் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவருடைய சேலையைப் பிடித்தேன்.

"அம்மா, வெட்டினது ஒருத்தருக்கும் தெரியாதுதானே. பிறகு ஏன் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் தெரியாதெண்டதாலதான்" என்றார் அம்மா.

நான் கேட்டது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, இன்னொரு தரம் சத்தமாகக் கேட்டேன்.