கட்டை விரலுக்குப் பரீட்சை

இம்மானுவேல் தன் வலது கைக் கட்டை விரலைக் கண்டு பயப்பட ஆரம்பித்தது திருவள்ளூர்ப் பக்கத்துப் பயிற்சிக் கூடம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை மதியம்.

மறுவாரம் நடக்கவிருந்த பரீட்சைக்கு அன்று ஒத்திகை. ஏசி, ஃபிரிட்ஜ், குளிரறை என்று கேஸ் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் கூடம் நிறைய நின்றார்கள். ஆளுக்கொரு மெஷின். இம்மானுவேல் தன் மெஷினுக்கு முன்னால் போய் நின்றான். குழாய் மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே ஸ்கூட்டர் டயரில் இருப்பது போலச் சின்னதாக ஒரு ஊசி. அதைக் கட்டை விரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினான். புஸ்ஸென்றது. கேஸ் இருக்கிறது என்று திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டான்.

கூடமே சிரித்தது.

பயிற்சி கொடுக்கும் தமிழ்செல்வி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க ஊட்டுக்குப் போலாம்ண்ணே."

"தெரியாம பட்டுட்ச்சு மேடம்."

"தெரியாம இல்ல, பழக்கம். எழுத்துப் பரீட்சையில நீங்க நல்லாவே பண்ணியிருக்கீங்க. ஆனா செய்முறையில இந்த சத்தம் கேட்டுச்சுன்னா அத்தோட முடிஞ்சுது. மத்ததெல்லாம் எவ்ளோ சரியா செஞ்சாலும் ஃபெயில்தான். அடுத்த சனிக்கிழமையும் நான்தான் இருப்பேன், இதே மாதிரி நின்னு பேசிக்கினு இருக்க மாட்டேன்."

மேடம் சொன்னதில் தப்பில்லை. குளிர்விக்கும் கேஸ் வானத்துக்குப் போனால் அங்கே என்ன கெடுதல் செய்கிறது என்பதை இம்மானுவேல் பாடத்திலேயே படித்திருந்தான். எந்த கேஸ் ஓசோனை அரிக்கும், எது பூமியைச் சூடாக்கும், எது தீப்பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பழைய கேஸைக் காற்றில் விடக் கூடாது. மீட்பு மெஷினை மாட்டி, உறிஞ்சி, சிலிண்டரில் சேர்க்க வேண்டும். அதுவும் தெரியும். ஆனால் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் பார்த்ததும் செய்ததும் வேறு. ஊசியை அழுத்து, சத்தத்தை வைத்தே எவ்வளவு இருக்கிறது என்று கணி, மிச்சத்தைத் திறந்துவிட்டு வேலையை ஆரம்பி. தலை படித்ததை விரல் படிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உணவுக் கிடங்கு. அதன் குளிரறைகளைக் கவனிக்கும் ஒப்பந்தக்காரரிடம்தான் இம்மானுவேலுக்கு வேலை. அங்கே சூப்பர்வைசர் துளசிராமன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "கிடங்குக்காரங்க கண்டிஷன் போட்டுட்டாங்கப்பா. பொங்கல்லேர்ந்து பரீட்சை பாஸ் பண்ணின கார்டு இல்லாதவன் கேஸ் லைன் பக்கம் வரக் கூடாது. காயிலைக் கழுவத் தண்ணி அடிக்கிற வேலை இருக்கு, வேணும்னா செய்யி."

பரீட்சையில் கோட்டை விட்டால் அடுத்த வாய்ப்பு கோடைக்குத்தான். அதுவரை ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனுடைய அப்பா ஊரார் வயலில் நாற்றுப் பறித்தவர். அந்தக் குடும்பத்தில் கையில் கேஜும் ஸ்பானரும் எடுத்த முதல் ஆள் இவன். கவரைப்பேட்டையில் இன்றும் யாராவது "மெக்கானிக் ஊடு எது?" என்று கேட்டால் நேராக இவன் வீட்டைத்தான் காட்டுவார்கள். தண்ணி அடிக்கிறவன் வீடு என்று யாரும் வழி சொல்லப்போவதில்லை.

திங்கள் காலை ஸ்கூட்டரை எடுக்கும்போது முன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தான். புஸ்.

வாசலில் தலை வாரிக்கொண்டிருந்த அவன் மனைவி சுகிர்தா சீப்போடு திரும்பினாள். "போச்சா? ஃபெயிலு."

"இது காத்துடி."

"உன் வெரலுக்கு அது தெரியுமா?"

அவளும் சிப்காட்டில்தான், ஒரு பேக்கிங் கம்பெனியில். இரண்டு பேரும் ஒரே ரயிலுக்குப் போகிறவர்கள். அதனால் காலையில் அந்த வீட்டில் எல்லாமே ஓட்டம். குக்கர் அடங்கும்வரை அங்கே யாரும் காத்திருந்ததில்லை. மூன்றாவது விசில் வந்ததும் இம்மானுவேல் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பிடிப்பான், ஆவி மொத்தமும் சீறிக்கொண்டு போகும், மூடியைத் திறந்து சோற்றை டிபன் பாக்ஸில் போடுவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இது அவன் வேலை.

செவ்வாய்க்கிழமை சுகிர்தா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி இது?"

"சனிக்கிழம வரைக்கும் இந்த ஊட்டுல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரக் கூடாது. தானா அடங்கட்டும். நீ பார்த்துக்கினு நில்லு."

"ரயிலு பூடும்."

"பூட்டா பூட்டும். பஸ்ல போலாம்."

நின்றான். சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வெயிட் லேசாக நடுங்குவதையே பார்த்தபடி நின்றான். ஓர் ஆவி அடங்க இவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது. இரண்டு தடவை கை தானாகப் போயிற்று. இரண்டு தடவையும் சுகிர்தா கரண்டிக் காம்பால் ஒன்று வைத்தாள். அன்று ரயில் போய்விட்டது. புதன்கிழமையும் போய்விட்டது.

கிடங்கில் தேசப்பன் சும்மா விடவில்லை. அவனும் அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவன், போன முறையே பாஸ் பண்ணி, கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறவன்.

"இன்னா அண்ணாத்தே, அண்ணி குக்கருக்குக் காவல் போட்டுக்கீதாமே?"

"உனக்கு யார்ரா சொன்னது?"

"லேட்டா வந்ததுக்கு துளசிராமன் சார்கிட்ட நீயேதான சொன்னே. சிப்காட்டு பூரா தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பேஜார் ஆவாத. மூடியைக் கழட்டும்போது கட்ட வெரலை உள்ளங்கையில மடக்கி வெச்சுக்கோ. நான் அப்டித்தான் தப்பிச்சேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகிர்தா அவன் கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி சுற்றினாள். காயத்துக்கு ஒட்டுவது போலவே இறுக்கமாக ஒட்டிவிட்டு, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபமும் சொன்னாள். இம்மானுவேல் ஆமென் சொல்லும்போது விரல் கனத்தது.

சனிக்கிழமை பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனான். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் கட்டை விரலை மடக்கியே வைத்திருந்தான். இறங்கும்போது அது மரத்துப்போயிருந்தது.

"ஆரம்பிங்கண்ணே" என்றார் தமிழ்செல்வி மேடம். கையில் அட்டை, அதில் ஒரு தாள், ஒரு பேனா.

கையுறை மாட்டினான். மீட்பு மெஷினில் ஹோஸை மாட்டப் போனால் அதன் பித்தளை நட்டு மரையில் உட்கார மறுத்தது. கையுறையோடு அவன் ஒரு நட்டையும் பிடித்ததில்லை. வலது கையுறையை உருவிவிட்டு விரலால் தடவிப் பிடித்து மாட்டினான். பேனா அசைந்தது. மார்க் போனது தெரிந்தது. பரவாயில்லை, அது ஃபெயில் இல்லை.

அடுத்தது மூடி. கட்டை விரலை மடக்கினான். பிளாஸ்திரி உள்ளங்கையில் உறுத்தியது. மூடி கழன்றது, ஊசி தெரிந்தது, விரல் அசையவில்லை. ஹோஸின் மறுமுனையை அதில் மாட்டி, மீட்பு மெஷினை ஓடவிட்டான்.

கேஜ் முள் மெதுவாக இறங்கியது. பக்கத்து மேசைக்காரர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். இம்மானுவேலின் சட்டை முதுகில் ஒட்டியது. முள் பூஜ்யத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். எண்ணெயில் கரைந்த கேஸ் மீண்டும் கிளம்பும் என்று பாடத்தில் இருந்தது. கிளம்பியது, முள் ஏறியது. மறுபடி ஓட்டினான், மறுபடி காத்திருந்தான். குக்கரை நினைத்துக்கொண்டான். கடைசியில் முள் இருந்த இடத்திலேயே நின்றது.

இனி பயமில்லை என்று நினைத்தான். கசிவு பார்க்கக் குழாயில் நைட்ரஜனை ஏற்றினான். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினான். எங்கும் குமிழி வரவில்லை, கசிவில்லை. அடுத்து ஏற்றிய நைட்ரஜனை வெளியே எடுக்க வேண்டும்.

கை வால்வுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

திறந்தால் சத்தம் வரும். பெரிய சத்தம். ஒரு வாரமாக எந்தச் சத்தம் வரக் கூடாது என்று அடிவாங்கினானோ அதே சத்தம். திறக்கவே முடியவில்லை. இடது கை தானாக மீட்பு மெஷினின் ஹோஸைத் தேடிப் பிடித்தது. மேடத்தின் பேனா தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தான்.

"மேடம், இதை..."

"நான் எதுவும் சொல்லக் கூடாதுண்ணே."

ஹோஸ் கையிலேயே இருந்தது. இதை மாட்டினால் நைட்ரஜன் போய் சிலிண்டரில் சேரும். அங்கே இருப்பது சற்றுமுன் அவ்வளவு பொறுமையாக மீட்டெடுத்த கேஸ். அத்தனையும் கெட்டுப்போகும். நைட்ரஜனோ காற்றிலேயே இருக்கிற சரக்கு. அது வந்த இடத்துக்கே திரும்பிப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. தலைக்கு இது தெரியும். விரலுக்கு இப்போது யார் சொல்வது?

ஹோஸைக் கீழே வைத்தான். பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வால்வைத் திருகினான்.

புஸ்ஸ்ஸென்று கூடம் முழுக்கக் கேட்டது. எல்லா மேசையிலும் தலைகள் நிமிர்ந்தன. சத்தம் ஓய்ந்த பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் நின்னுட்டீங்க? வேக்குவம் போடுங்க" என்றது மேடத்தின் குரல்.

மிச்சத்தை எப்படி முடித்தான் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. குழாயில் மிச்சமிருந்த காற்றை உறிஞ்சி வேக்குவம் பிடித்தது, எடை பார்த்து கேஸ் ஏற்றியது எல்லாம் கையே பார்த்துக்கொண்டது. மாலையில் மேடம் தாளை நீட்டினார். "கையுறைக்கு மார்க் போச்சு. மத்தது சரி. பாஸ்." பிறகு, "அந்த பிளாஸ்திரி இன்னாத்துக்குண்ணே? காயமா?"

"அது ஒண்ணுமில்ல மேடம். ஊட்டுல போட்டாங்க."

வீடு வந்து சேர்ந்தபோது அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலை அடித்துக்கொண்டிருந்தது. போனிலேயே விஷயம் தெரிந்திருந்த சுகிர்தா அவனைப் பார்த்துச் சிரித்தாள். இம்மானுவேல் இந்த வார வழக்கம் போலச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னாயா நிக்கிற? பசிக்குது, தூக்கு."

அவன் கரண்டியைப் பார்த்தான், எடுக்கவில்லை. "இரு. அடங்கட்டும்."

"நல்லா பாஸ் பண்ணே போ" என்று அவனைத் தள்ளிவிட்டு, கரண்டியை எடுத்து அவளே வெயிட்டைத் தூக்கினாள். ஆவி சீறிக்கொண்டு போயிற்று. இம்மானுவேல் ஒரு அடி பின்னால் துள்ளினான்.