டெமோ ஜோடியும் வீட்டு ஜோடியும்

2024 மார்ச் 10, ஞாயிறு. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆனது. பால் வாங்கிவந்தேன். காப்பி. செடிகளுக்குத் தண்ணீர். ஏழரைக்கு இட்லி, நான்கு. எட்டே காலுக்கு ஹாலில் உட்கார்ந்து, புது ஸ்பீக்கரில் அதே நாகசுர சிடியை, அதே ஒலி அளவில், பதினாறாவது நாளாகக் கேட்டேன். நாகசுரம் காதைக் கீறியது. தவிலின் ஒவ்வொரு அடியும் இரண்டாக விழுந்தது. ‘இது அந்த ஜோடி இல்லை’ என்று டைரியில் எழுதினேன். அதுவும் பதினாறாவது முறை.

ஆனையூரில் எங்கள் வீட்டு ஹால் பதினான்கடிக்குப் பதினொன்று. வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் சுவர், கிழக்கே பெரிய கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் சத்தம் உடனே அடங்காது. கிண்ணென்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். இப்படிப்பட்ட அறையில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்தால் பேஸ் முட்டி மோதும் என்று படித்திருந்தேன். சின்னப் பெட்டிகளுக்குத் தனியாக ஸ்டாண்டு வேண்டும். அது துடைப்பம் பட்டாலே சாய்ந்துவிடும். ஆகவே ஒரு சாண் அகலத்தில், இடுப்பளவு உயரத்தில், தானே தரையில் நிற்கும் ஜோடி என்று முடிவு செய்தேன்.

காளவாசல் பக்கம் ஒரு கடைக்கு மூன்று சனிக்கிழமைகள் போனேன். விற்பனையாளருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரையும் ‘அண்ணே’ என்பார். அவர் தன்னுடைய பென்டிரைவைச் செருகினார். நான் என் சிடியைக் கொடுத்தேன். தனக்குப் பிடிக்காத ஜோடிக்கு அவர் ஒலியைக் குறைப்பதாகவும் பிடித்த ஜோடிக்குக் கூட்டுவதாகவும் தோன்றியது. ஒலிக் குமிழ் நின்ற இடத்தை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டேன். அந்த அறையில் கம்பளமும் கனத்த திரையும் மெத்தென்ற சோபாவும் இருந்தன. கடையில் கேட்பதை நம்புவது, பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியும் என்று நம்புவதைப் போல.

“என் வீட்டில் வைத்துக் காட்டுங்கள்” என்றேன்.

“இம்புட்டுச் சந்தேகம் கல்யாணத்துக்கே யாரும் பட மாட்டாகண்ணே” என்று சிரித்தார். ஆனாலும் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு இரண்டு டெமோ ஜோடிகளை ஆட்டோவில் கொண்டுவந்தார். ஒன்றுக்குக் காற்றுத் துளை பின்பக்கம் இருந்தது. சுவரோரம் வைத்ததும் காலி டிரம்மைத் தட்டியதுபோல் உறுமியது. மற்றதற்குத் துளை முன்பக்கம். அதில் நாகசுரம் தெளிவாக, நின்று நிதானமாக வந்தது. அதையே தேர்ந்தெடுத்தேன். டெமோ ஜோடியின் சீரியல் எண்ணைக் குறித்தேன். ஹாலின் படம் வரைந்து, சோபா, நாற்காலிகள், டிவி மேசை, ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பது வரை எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, அதே ரகத்தில் பெட்டி பிரிக்காத ஜோடி வந்தது. அதே அங்குலத்தில் நிறுத்தினேன். முதல் நிமிடமே கீறல்.

அந்த விற்பனையாளருக்கு மூன்று முறை போன் செய்தேன். “ஓட ஓடச் சரியாகும்ணே” என்றார் மூன்று முறையும். ஒரே பதிலை மூன்று முறை சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமை முதலாளிக்கே கடிதம் எழுதிக் கடையில் கொடுத்தேன். ‘தங்கள் ஊழியர் காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று’ என்பது அதன் முதல் வரி.

மறுநாள், அந்தப் பத்தாம் தேதி ஞாயிறு, பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. விற்பனையாளர் பழைய டெமோ ஜோடியோடு இறங்கினார். அன்று சிரிப்பு இல்லை.

“மொதலாளி உங்க லெட்டரைக் காமிச்சாருண்ணே. திங்கக்கெழம முடிவு சொல்றேன்னுட்டாரு. போன வருசம் இந்த மாதிரி ஒரு லெட்டருக்குத்தான் ஒருத்தரை நிப்பாட்டுனாரு. நான் இருவத்தொரு வருசமா அங்கதான் இருக்கேன். இந்த வயசுல வேற எங்கிட்டுப் போவேன்?”

நான் டார்ச் அடித்து முதலில் சீரியல் எண்ணைப் பார்த்தேன். டைரியில் இருந்த அதே எண். அவரே ஒயர் மாட்டினார். சிடி ஓடியது.

டெமோ ஜோடியும் காதைக் கீறியது.

“இதிலும் ஏதாவது கை வைத்தீர்களா?” என்று கேட்டேன். இன்று எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

அவர் ஹாலின் நடுவில் நின்று கை தட்டினார். கிண். “ஸ்பீக்கர் ஒண்ணுதாண்ணே. ரூமுதான் மாறிருக்கு. அன்னைக்கு இங்க என்னென்ன இருந்துச்சு?”

டைரியைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். சோபா, நாற்காலிகள், டிவி மேசை. எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. “எதுவும் மாறவில்லை” என்றேன்.

என் மனைவி முருங்கைக்கீரைத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏங்க, அன்னைக்கு நெல்லு மூடை கெடந்துச்சுல்ல? அத வரையலையா?”

அவள் வீட்டு நிலத்தின் குத்தகை நெல் அது. மேலூர்ப் பக்கமிருந்து அறுப்பு முடிந்ததும் வரும். மில்லில் அவித்து அரைக்கத் தேதி கிடைக்கும்வரை ஹாலில் மேற்குச் சுவரை ஒட்டிக் கிடக்கும். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ‘மூடை 12 வந்தது’ என்று ஒரு பக்கத்தில் இருந்தது. டெமோவுக்கு ஒன்பது நாள் கழித்து, ‘மூடைகள் மில்லுக்குப் போயின.’ இரண்டையும் நானே எழுதியிருந்தேன். படத்தில் மட்டும் அவை இல்லை. போகப்போகிற சாமானை எதற்கு வரைவது என்று விட்டிருக்கிறேன்.

“ஸ்பீக்கர் எத்தன அங்குலம்னு எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு, வருசச் சோறு கண்ணுல படலையே” என்றாள்.

விற்பனையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நானும் முட்டாப்பயதாண்ணே. அந்த மூடை மேலதான உக்காந்து டீ குடிச்சேன்!”

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. மில்லிலிருந்து வந்த அரிசி மூட்டைகளை உள்ளறையிலிருந்து இருவருமாக இழுத்துவந்து மேற்குச் சுவரோரம் போட்டோம். அவை போதாமல், மேலே மூன்று இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்தோம். மறுபடி கை தட்டினேன். தட்டிய இடத்திலேயே சத்தம் செத்தது. சிடியை வைத்தேன். நாகசுரம் பிப்ரவரியில் வந்ததுபோல் வந்தது. தவில் ஒரு அடிக்கு ஒரு அடிதான் விழுந்தது.

இது டெமோ ஜோடி ஆயிற்றே, வீட்டு ஜோடி எப்படியோ என்று அடுத்த சந்தேகம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எது பாடவேண்டும் என்பதை விற்பனையாளரிடம் விடாமல், மனைவியை விரல் காட்டச் சொன்னேன். அவர் ஒயர் மாற்றினார். ஆறு முறை கேட்டு, ஆறு முறையும் எந்த ஜோடி என்று உறுதியாகச் சொன்னேன்.

“மூணு சரி, மூணு தப்பு” என்றாள் மனைவி. “கண்ண மூடிக்கிட்டுப் பூவா தலையா போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.”

முதலாளிக்கு உடனே போன் செய்கிறேன் என்றேன். விற்பனையாளர் தடுத்தார். “வேணாம்ணே. நான் உங்க வீட்ல வந்து கால்ல விழுந்து சொல்ல வச்சேன்னு நெனப்பாரு. அவரு உங்களவிடச் சந்தேகப் பேர்வழி.” டெமோ ஜோடியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, “வாரேண்ணே” என்று போய்விட்டார். சாப்பிடச் சொன்னோம், சாப்பிடவில்லை.

மறுநாள், திங்கள். காலை முதல் வேலையாக, மோட்டார் போடாமல், காப்பியும் குடிக்காமல் டைரியை மஞ்சப்பையில் சுற்றினேன். பதினெட்டு வருடமாக என் டைரி எதுவும் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. கடை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே காளவாசல் போய்ப் படியில் நின்றேன். முதலாளி வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், “அவன் வீட்டுக்கு வந்து அழுதானா சார்?” என்று கேட்டார்.

படம் இருந்த பக்கத்தையும், மூடை வந்த பக்கத்தையும், போன பக்கத்தையும் வரிசையாகத் திறந்து காட்டினேன். தேதிகளை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். இப்போது எழுதியதோ என்று மையையும் உற்றுப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, சனிக்கிழமை நான் கொடுத்த கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை நான்காகக் கிழித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். விற்பனையாளர் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.