வயிற்றுக்குள் ஒரு டேனரி

ஒரு டம்ளர் வைன் குடித்ததால் என் இரைப்பை பதப்பட்டு, ஒரு ஜோடி செருப்புக்கு ஆகிற தோலாக மாறிவிடும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒரு நாள் முழுசாக நம்பினேன். ஆம்பூர்ப் பக்கத்து டேனரி ஒன்றில், மரப்பட்டைச் சாற்றில் தோல் பதனிடும் பிரிவை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். வேறு எவனாவது இப்படிப் பயந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பேன்.

எங்களிடம் தோல் வாங்க வருஷம் ஒருமுறை வரும் இத்தாலிக்காரர்தான் இரண்டு பாட்டில் சிவப்பு வைன் தந்தார். இது இளசு, டேனின் ஜாஸ்தி, ஒன்றை இப்போதே ருசி பார், மற்றதை வெளிச்சம் படாமல் குளிர்ச்சியான இடத்தில் நாலு வருஷம் படுக்கவை, நான் வந்து சேர்ந்து குடிப்பேன் என்றார். எனக்கு அதில் ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. டேனின். பட்டையிலிருந்து இறங்கித் தோலைத் தோலாக்குகிற சரக்கு.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் சாம்பிள் அறையில் ஸ்குரூவும் கொறடும் வைத்துத் தக்கையைப் பிடுங்கினேன். பக்கத்தில் சாயப் பிரிவு பாய், மேல்விஷாரத்துக்காரர், என் தோஸ்த். அவர் குடிக்க மாட்டார். தூரத்தில் இருந்தே மோந்து பார்த்தார்.

"நம்ம குழி வாசனைதான் வருது."

முதல் வாயிலேயே ஈறு இழுத்தது, கன்னம் பல்லோடு ஒட்டியது, நாக்கு உப்புத்தாள் போல ஆனது. தோல் ஊறும் குழியில் பட்டைச் சாறு எவ்வளவு வலுவாக இருக்கிறதென்று நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் பிரிவின் பழக்கம். அதே பிடி. ஆனாலும் கொடுத்த மனுஷனுக்கு மரியாதை என்று டம்ளரைக் காலி செய்தேன்.

"இன்னா தோஸ்த், மூஞ்சி இப்டி சுருங்கிப்போச்சு?"

"வாயெல்லாம் இழுக்குது பாய்."

"இழுக்காம? ஆட்டுத் தோலே அஞ்சு நாள்ல பதமாய்டுது. உன் வயிறு அதவிட மெல்லிசு. திங்கக்கெழம ரெடி. பாலிஷ் போட்டு அனுப்பிடலாம்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, முடி நீக்கிக் கழுவிய ஈரத் தோலில் ஒரு கீற்று வெட்டி, மிச்ச வைனில் போட்டு மூடினேன். அது பதமாகவில்லை என்றால் நானும் ஆக மாட்டேன் என்பது கணக்கு.

வண்டி வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. டேனின் போய்ப் பிடித்துக்கொள்வது புரோட்டீனைத்தான்; தோலிலும் இரைப்பையிலும் இருப்பது அதுதான். இரைப்பையைப் பிடிக்காமலிருக்க வேறு புரோட்டீன் கொடுத்துவிட்டால்? ஆறு முட்டையைப் பச்சையாகவே உடைத்து ஊற்றிக்கொண்டேன்.

"இன்னாங்க இது, ஜிம்முக்குப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"வயித்துல டேனின் இருக்குடி."

"தலையில இன்னா இருக்குது?"

ஞாயிறு விடியும்போதே வயிற்றை முறுக்கியது. ஏழாவது தடவை பாத்ரூமிலிருந்து வெளியே வந்து பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஆரம்பிச்சுடுச்சு."

"இன்னாது?"

"டேனிங்."

பாய் போன் அதிரச் சிரித்தார். பாவம், சிரித்து முடித்ததும் டேனரிக்கே போய் அந்தக் கீற்றை எடுத்து நடுவில் வெட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மேல மட்டும் நாவப்பழ கலரு. நடுவுல வெள்ள வெளேர்னு பச்சத் தோலாவே கீது. நாறுது வேற. உன் வைனுக்கு எலித் தோலக்கூட பதம் பண்ணத் தெரியாது, போ!"

அதற்குள் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போயிருந்தாள். நான் டேனினைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வைன் இருக்கட்டும். ஆறு பச்ச முட்டையா?"

உப்பு சர்க்கரைத் தண்ணீரும் மாத்திரையுமாகப் புதன்கிழமை எழுந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது பாட்டிலை ஜன்னல் இல்லாத சாமான் அறையில், அரிசி டிரம்முக்குள் படுக்கவைத்தோம். மே மாதத்தில் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டது நான்தான். அரிசி அளக்கப் போகும்போதெல்லாம் மனைவி, "உங்க புள்ள தூங்குது, சத்தம் போடாதீங்க" என்பாள். ஒவ்வொரு வருஷமும் இத்தாலிக்காரர் அது பத்திரமா என்று கேட்பார். நான் அரிசியில் இருக்கிறது என்பேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

நாலாம் வருஷம் இத்தாலிக்காரர் வந்தபோது எங்கள் வீட்டிலேயே மட்டன் வறுவலோடு திறந்தோம். பாய் மோந்துவிட்டு, "குழி வாசன போய்டுச்சு" என்றார். துவர்ப்பு இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. நான் இரண்டு டம்ளர் குடித்தேன். முட்டை சாப்பிடவில்லை. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.