சீனி போடாத சவ்வரிசிக் கஞ்சி

பால்வெட்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றினேன். செருப்பெல்லாம் ரத்தம். வலது கால் கட்டைவிரலுக்கடியில் முள் ஏறி முறிந்திருந்தது. எப்போது குத்தியது என்றே தெரியவில்லை. வலிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இனிப்புநீர் (ரத்தத்தில் சீனி ஏறி நிற்கும் நோய்) என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்றே சீனியை நிறுத்தினேன். சோற்றை நிறுத்தியது என் கணவர் முத்தையா. சவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேகவைத்து, உப்புப் போட்டு, ஆற்றிக் கொடுப்பார். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) யாருக்கு முடியாவிட்டாலும் அதுதான் மருந்து. உடம்புக்குக் குளிர்ச்சியாம்.

மாத்திரை தவறவில்லை. புண் மட்டும் ஆறவில்லை. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா சொன்னார். அடுத்த தவணை (திரும்ப வரச் சொன்ன நாள்) வரை பார்ப்பாராம். விரல் போனால் மேட்டிலும் பள்ளத்திலும் எப்படி நடப்பேன், எப்படி மரம் வெட்டுவேன்?

அந்தத் தவணையில் ரத்தம் எடுத்த பிறகு, நர்ஸ் உட்காரச் சொல்லியும் கேட்காமல் நடைவழியில் நொண்டிக்கொண்டே அலைந்தேன். கோபமான கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சீனி முன்னைவிட ஏறியிருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"சவ்வரிசிக் கஞ்சிதான் டாக்டர். ஒரு கரண்டி சீனி போட்டிருந்தா என்னைக் கேளுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது முழுக்க மாவும்மா. நாரே கிடையாது. வயித்துல விழுந்ததும் சீனியாயிடும். அதுக்குச் சோறே தேவலை."

பக்கத்தில் நின்ற என் கணவர் முகம் செத்துப்போயிற்று. "நான்தான் டாக்டர் காய்ச்சிக் கொடுத்தேன்," என்றார்.

நார்ச்சத்து (காய், கீரை, பயறுகளில் செரிக்காமல் தங்கும் பகுதி) கூட இருந்தால், மாவு மெதுவாகத்தான் சீனியாகுமாம். டாக்டர் மாத்திரையைக் கூட்டி, இன்னொரு தவணை கொடுத்தார்.

அன்றிலிருந்து தட்டில் முதலில் பயற்றங்காய், கீரை. பிறகு தோலோடு பச்சைப்பயறு. கடைசியில்தான் ஒரு கைப்பிடி சோறு. மென்று மென்று தாடை வலித்தது.

"என்னை ஆடு மாதிரி மேயவிட்டுட்டீங்களே லா," என்று எரிந்து விழுவேன். என் கணவர் இன்னொரு கரண்டி கீரையைத் தட்டில் வைப்பார்.

சாப்பிட்ட பின் வரும் இரண்டு மணி நேரந்தான் பெரும்பாடு. உள்ளே சீனி ஏறுகிறதா இறங்குகிறதா என்று இருப்புக் கொள்ளாது. இன்றும் என் பொழுது அப்படித்தான் நகர்கிறது. உங்கள் வீட்டிலும் இனிப்புநீர் இருந்தால், கஞ்சி காய்ச்சும் முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த தவணையில் சீனி இறங்கியிருந்தது. மெல்லப் புண் மூடியது. விரல் தப்பியது, ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை. கண்ணால் பார்த்தால்தான் விரல் இருப்பதே எனக்குத் தெரியும்.

மாலையில் குளித்து வந்ததும் என் கணவர் வாசலில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்து, புண் உண்டா என்று விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கிறார்.

"உள்ள வாங்க, ஆளுங்க பாக்குறாங்க," என்பேன்.

"பாக்கட்டும் லா. உனக்கு வலிச்சா நான் எதுக்குப் பாக்குறேன்?"

கல்யாணமான நாளிலிருந்து என் காலைத் தொட்டறியாத மனிதர். இப்போது தினமும் தொடுகிறார். அந்தத் தொடுகை எனக்குத் தெரிவதில்லை. அதனால் நானும் குனிந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.