ராமலட்சுமி பயந்த இடைவெளி

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ராமலட்சுமியின் தம்பி போன் செய்தபோது நான் சர்வர் அறையில் நின்றிருந்தேன். "அக்கா போயிட்டாகண்ணே" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

ராமலட்சுமியோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டை வட்டாரத்து நூற்பாலைகளின் ஆட்கள் எல்லாரும் நுழைந்து வேலை செய்யும் நம் பழைய சர்வர் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மனுஷி ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்தவர், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாம் எத்தனை கேலி செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

ஒருநாள், சர்வரில் இருப்பதையெல்லாம் நகலெடுத்து வைக்கும் நம் பேக்கப் நிரலைப் படித்துவிட்டு முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டரில் அது எப்போதும் ஒரே பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும். அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், இல்லையென்றால் எழுதும். இந்த இரண்டுக்கும் நடுவில் யாராவது அதே பெயரில் ஒரு சிம்லிங்க்கை, அதாவது வேறொரு கோப்புக்குக் கைகாட்டும் வெறும் பெயரை, வைத்துவிட்டால் போதும். நிரல் அது காட்டும் இடத்துக்குப் போய், அங்கே இருப்பதை அழித்து எழுதிவிடும். முழு அதிகாரத்தோடு ஓடுவதால் அதைத் தடுக்கவும் வழியில்லை.

அப்போதைய மேலாளர் சிரித்தார். கண் சிமிட்டும் நேரத்துக்குள் எவன் வரப்போகிறான் என்றார். ராமலட்சுமி தினமும் தான் ஏறும் பஸ்ஸைச் சொன்னார். "ஜன்னல் வழியா சீட்டு காலியா இருக்குன்னு பாத்துட்டு, படிக்கட்டுக்கு வாறதுக்குள்ள வேற ஆளு உக்காந்துர்றாகல்ல சார்? அதுக்குத்தான் பைய உள்ள போட்டுட்டு ஏறுறோம். பாக்குறதும் பிடிக்கிறதும் ஒரே வேலையா இருக்கணும்." நிரலை அப்படி மாற்ற அனுமதி கேட்டார். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக் கூடாது என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். மேலாளர் மறுத்துவிட்டார்.

ஒரு சம்பள வாரத்தில் அது நடந்தது. பயனர் பட்டியல் இருந்த கோப்பின் மேல் பேக்கப் குப்பை எழுதப்பட்டு, எந்த ஆலையாலும் உள்ளே நுழைய முடியவில்லை. முழு அதிகாரம் ராமலட்சுமியிடம் இருந்ததால் பழியும் அவர் மேல் விழுந்தது. தான் சொன்னதை நிரூபிக்கத் தானே செய்துவிட்டார் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் பேசினார். ராமலட்சுமி வேறொரு கணினியில் அதே நிரலை ஓடவிட்டு, சாதாரண ஊழியர் கணக்கிலிருந்து அந்த சிம்லிங்க்கை விடாமல் வைத்து வைத்து எடுத்தார். பலமுறை தவறியது. ஒருமுறை அந்த இடைவெளிக்குள் விழுந்தது. "தோத்துப் போறவன யாரும் பாக்கிறதில்ல சார், அவன் நாள் முச்சூடும் தோக்கலாம், ஒருதடவ ஜெயிச்சாப் போதும்" என்றார். முழு அதிகாரம் இல்லாத யாரும் அதைச் செய்திருக்க முடியும் என்று தெரிந்ததும் பழி நீங்கியது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நிரலை அன்றைக்கே மாற்றி எழுதினார். ஆனால் அதன் பிறகு அவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

கடைசி நாளில் நடந்ததைக் காரியத்தன்று தம்பி சொன்னார். அக்காவுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சுத் திணறியதும் தம்பிதான் மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, வாருங்கள் என்றார்களாம். காரின் பின் சீட்டில் சாய்ந்திருந்த ராமலட்சுமி திணறலோடு கேட்டிருக்கிறார்: "இருக்கான்னு கேட்டியா, எனக்குன்னு பிடிச்சு வைக்கச் சொன்னியா?"

தம்பிக்கு அது விளங்கவில்லை. இருக்கிறது, பேசாமல் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி இருந்தார். அடுத்த மருத்துவமனைக்குப் போகிற வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்கா என்னண்ணே கேட்டாக?" என்று தம்பி என்னைப் பார்த்தார். காய்ச்சல் வேகத்தில் ஏதோ பேசியிருப்பார் என்று சொல்லிவிட்டேன். ராமலட்சுமியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அதை இப்போது உங்களிடமும் கொடுத்துவிட்டேன். அந்தத் தம்பியிடம் மட்டும் யாரும் அதற்கு விளக்கம் சொல்லிவிடாதீர்கள்.