வங்கி முத்திரை

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஊராருக்கு விசா விண்ணப்பம் நிரப்பியே ஓய்வு பெற்றவன் நான். நான் அனுப்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை என்று பீற்றிக்கொள்வேன்.

அவுஸ்திரேலியாவில் வளர்ந்த தங்கை மகன் குகனை இங்கே ஒரு ஸ்பீட்வே அணி தேர்ந்தெடுத்தது. பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஓடும் பந்தயம். விசாவுக்காக அணி தந்த ஸ்பொன்சர் சான்றிதழை என்னை நம்பி அனுப்பினான்.

“மாமா, விண்ணப்பத்தைப் போடட்டே?”

“பொறு மருமோன். உன்ர சேமிப்பைக் காட்டுற வங்கிக் கடிதத்தில முத்திரை இல்லாமல் ஏலாது.”

மூன்று தடவை கடிதத்தை அவனுக்கே திருப்பி அனுப்பினேன். முத்திரை வந்தபோது, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டிய சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அவன் இடத்தில் அணி வேறொருவனைச் சேர்த்துவிட்டது.

“மூன்று மாதக் கணக்கு உங்களுக்குத் தெரியாதே, மாமா?”

“தெரியும்” என்றேன்.

அதன்பின் அவன் அழைக்கவில்லை. விதிகளை மறுபடி வாசித்தேன். முத்திரை வேண்டும் என்று எங்கும் இல்லை. அது என் வழக்கம் மட்டுமே.